இடது பக்கத்து மரை

எனக்கு மரை கழன்றுவிட்டது என்றுதான் எங்கள் குடும்பத்தில் பேச்சு. கணக்கு டீச்சராக இருக்கிற ஒரு பொம்பளை, கடலூர் துறைமுகத்துப் பக்கம் உப்புக் காற்றில் வருஷக்கணக்காக நின்று துருப்பிடித்த பழைய ஜீப்பை வாங்கி, டிராக்டரில் கட்டிச் சிதம்பரத்துக்கு இழுத்து வந்தால் வேறு என்ன சொல்வார்கள்? சொல்லட்டும். அது பழகிவிட்டது. என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்குவதுதான் பழகவில்லை.

பிடுங்குகிறவர் அக்கா வீட்டுக்காரர். புவனகிரியில் டிராக்டர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஞாயிறானால் வந்துவிடுவார். நான் பாட்டுக்கு முன்சக்கரத்து நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீசல் விட்டு ஊறவைத்துக்கொண்டிருப்பேன். "நவுரும்மா, நீ எதுக்கு கஷ்டப்படுற?" என்பார். கஷ்டப்படுகிறேன் என்று இவரிடம் யார் சொன்னது?

வலப்பக்கம் ஒழுங்காகக் கழன்றுவிட்டது. இடப்பக்கம்தான் வினை. இந்த ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை தலைகீழ். ஓடும்போது நட்டு தானாகத் தளரக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஊரில் மற்ற நட்டெல்லாம் எந்தத் திசையில் இறுகுமோ, அந்தத் திசையில் திருப்பினால்தான் இது கழலும். நட்டு ஏறுகிற ஆணியான ஸ்டட்டின் முனையில், இடது என்பதற்கு 'எல்' என்று எழுத்தே இருக்கிறது. துருவைத் தேய்த்துக் காட்டினேன்.

"மாமா, இந்தப் பக்கம் ரிவர்ஸ் மரை. அப்படித் திருப்புனா டைட்டுதான் ஆவும்."

"எத்தினி டிராக்டர் பாத்திருக்கேன், எனக்கே மரை சொல்லித் தர்றியா? இது துரும்மா. துருவுக்கு பலம் வேணும்."

ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறிக் குதித்தார். டப்பென்று சத்தம். ஸ்டட் நட்டோடு முறிந்து கீழே விழுந்தது. "பாத்தியா, எப்படி அரிச்சிருக்கு" என்றார். நான் சொல்லச் சொல்ல அடுத்ததையும் முறித்தார். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். பூமாலையாவது மறுநாள் கடையில் கிடைக்கும். தலைகீழ் மரை ஸ்டட்டுக்காகக் கடலூர் வரை போய்த் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெரு முழுக்க அலைந்தேன், ஒருவரிடமும் இல்லை. அந்தச் சக்கரத்துக்கு ஐந்து ஸ்டட், மிச்சம் மூன்று. இன்னொன்றும் போனால் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. என் ஜீப் காயலான் கடைக்குத்தான்.

அந்த வாரம் முழுக்க வகுப்பில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அதுகள் என்ன செய்யும்? வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்னையே நொந்துகொள்ளலாம். நான் வாயைத் திறந்து, தெளிவாகத்தான் சொன்னேன். பொம்பளை சொன்னது காதில் ஏறவில்லை என்றால் அதற்கும் நானா பொறுப்பு?

அடுத்த ஞாயிறு அவர் வருவதற்கு முன்பே வாசலில் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். டீசலைச் சுத்தமாகத் துடைத்து, கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடேற்றினேன். கடிகாரம் சுற்றும் திசையில் ஸ்பேனரை அழுத்தினேன். அசையவில்லை. அதற்குமேல் அழுத்தினால் முறிந்துவிடும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி மறுபடி அழுத்தினேன். கிரீச்சென்று முனகிவிட்டு நட்டு இளகியது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, ஸ்டட்டுக்குச் சேதமில்லாமல் வந்தன. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

அப்போதுதான் மாமா வந்தார். குனிந்து பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாய் என்று கேட்கவில்லை. "போன வாரம் நான் ஆட்டி வச்சதுல எளகியிருக்கு" என்றார். உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஒருவழியா கழட்டிட்டோம்டி. செம கஷ்டம். வர லேட்டாவும், சாப்பாடு இங்கியே பாத்துக்கிறேன்."

கழட்டிட்டோமாம்! உடம்பெல்லாம் எரிந்தது. கிரீஸ் கையோடு போனைப் பிடுங்கினேன்.

"அக்கா, ஒடச்சது ஒன் வீட்டுக்காரரு. கழட்டுனது நான். அவுருக்கும் சேத்து ஒல வையி, சாப்புட அங்கதான் வர்றாரு."