ஆள் இல்லை என்ற வீடுகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் என்று கடைச் சிட்டைகள்தான். எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கந்தப்பளையில் வீடு எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால், 'தெரிஞ்சவங்க மூலமா' என்று சொல்லி நழுவிவிடுவேன். அது உண்மையில்லை. அன்று அந்த வீட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஊவா மாகாணத்தில், பண்டாரவளைக்குக் கிட்ட ஒரு தோட்டச் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தேன். சாமான் விலை தாறுமாறாக ஏறிய வருடத்தில் கடை படுத்துவிட்டது. லீசிங்கில் எடுத்த ஆட்டோவைக் கம்பனிக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். மற்றக் கடன்காரர்களுக்குக் கொடுப்பதற்காக வீட்டையும் விற்றேன். எல்லாம் முடிந்தபோது எங்களிடம் மிஞ்சியது உடுப்பு, பாத்திரம், மகளின் புத்தகங்கள், ஒரு கறுப்புத் தோள்பை. ஆட்டோ எடுத்த அன்று அந்தப் பையை லீசிங் கம்பனி அன்பளிப்பாகத் தந்தது. ஆட்டோவைத் திருப்பி எடுத்தவர்கள் பையைக் கேட்கவில்லை.

மனைவியும் மகளும் மனைவியின் அண்ணன் வீட்டில் தங்கினார்கள். பழைய பழக்கத்தில் ஒரு லொறி டிரைவர், கந்தப்பளையில் கரட் கழுவி மூட்டை பிடிக்கும் இடத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். இரவில் அங்கேயே சாக்குகள் மேல் படுத்துக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமை மனைவி போன் எடுத்தாள்.

"அண்ணி நம்ம பாத்திரத்தத் தனியா வைக்கச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மேலே எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எப்படியாவது தங்க ஒரு காம்பராவும் சமைக்கக் குசினியும் பார்த்துவிடுகிறேன், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றேன்.

"வீடு கேட்டுப் போறப்ப அந்தச் சாக்குத் தூக்குற சட்டையோட போயிராதீங்க. நல்லா உடுத்திட்டுப் போங்க. பாத்தா மதிப்பா இருக்கணும்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடிந்தது. நீளக் கால்சட்டை, கை முழுதாக உள்ள வெள்ளைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து போட்டுக்கொண்டேன். தோளில் அந்தப் பை. உள்ளே அடையாள அட்டை, மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒரு போத்தல் தண்ணீர். டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் சிலர் லயத்து வரிசை வீடுகளை ஒட்டிப் பின்னால் காம்பரா இழுத்துக் கட்டியிருப்பதாகவும், வாடகைக்கு விடுவார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். படிக்கட்டு ஏறிப் போனேன்.

லயத்தின் முதல் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "வீட்டுல யாருங்க?" என்றேன். ரேடியோ நின்றுவிட்டது. ஆள் வரவில்லை. இரண்டாவது வீட்டு வாசலில் துவைத்த துணி பாதி கொடியிலும் பாதி வாளியிலும் கிடந்தது. போட்டது போட்டபடி யாரோ போயிருக்கிறார்கள். வாளித் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டிலிருந்து பெண் குரல் ஒன்று, "ஆள் இல்ல!" என்றது. ஆள் இல்லாத வீட்டில் அதைச் சொன்னது யார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

எனக்கு ஏமாற்றத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. ஒருவேளை சாவு வீடா? அப்படியென்றால் ரேடியோ பாடாது. கோயில் கூட்டமா? அப்படியென்றால் புகைபோக்கிகளில் புகை வராது. நாய்கூட ஒருதரம் குரைத்துவிட்டு, யாரோ உள்ளேயிருந்து இழுத்ததுபோல் மறைந்துவிட்டது.

கடைசி வீட்டுக் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. ஆனால் உள்ளே பருப்புத் தாளிக்கும் வாசம். கடுகு வெடிப்பது கேட்டது. நான் தொண்டையைச் செருமியதும் கரண்டிச் சத்தம் நின்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நிசப்தம் எனக்குத் தெரிந்த நிசப்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் உள்ளே இருக்கும் வீடு அப்படித்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் கடைசி மாதங்களில் அதே வேலைதான் செய்தோம். மனைவி வெளியே பூட்டிவிட்டு, பின்பக்கம் சுற்றி, குசினிக் கதவால் உள்ளே வருவாள். வசூலுக்கு வந்தவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் தேயும்வரை மூவரும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருப்போம். பூட்டை வெளியிலிருந்து பார்ப்பது எனக்கு இதுவே முதல் தடவை. பார்த்தால் உண்மையாகவே ஆள் இல்லாததுபோலத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆனால் என்னைப் பார்த்து ஏன் ஒளிய வேண்டும்? வாசல் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து யோசித்தேன். கீழே இறங்கும் பாதையில் விறகுக் கட்டோடு வயதான ஒரு அம்மா வந்தார். என்னைக் கண்டதும் வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தார். தலையில் பாரம், திரும்ப முடியவில்லை.

"சேர், இந்தக் கிழமை லோன் காசு இன்னும் கட்டல்ல" என்றார். "குழுத் தலைவி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா."

"நான் சேர் இல்லீங்க."

"புது ஆளா அனுப்பியிருக்காங்களா? போன ஆளு எவ்வளவோ பரவாயில்ல. பைக்குல வருவாரு, சத்தம் கேக்கும். நீங்க பூனையாட்டம் நடந்து வந்து ஆளப் புடிக்கிறீங்களே!"

"வீடு தேடி வந்தேங்க."

"எல்லாரும் வீடு தேடித்தான் வர்றாங்க" என்றபடி என் பையைப் பார்த்தார்.

நானும் பையைப் பார்த்தேன். லீசிங் கம்பனியின் பேர் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருந்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டுவார்கள். வசூலுக்கு வருகிறவர்கள் இப்படித்தான் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பையுமாக வருவார்கள். சனிக்கிழமையில்தான் வருவார்கள். என்னைப் பிடிக்க வந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். மதிப்பாக இருக்க வேண்டும் என்று உடுத்தியதில் அவர்களைப் போலவே ஆகியிருந்தேன்.

இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். வாய் வரவில்லை. அடையாள அட்டையை எடுத்துக் காட்டலாம் என்று பைக்குள் கை விட்டேன். ரசீதுப் புத்தகம் எடுக்கிறேன் என்று நினைத்து அந்த அம்மா இன்னும் இரண்டு அடி பின்னால் போனார். அதற்குள் உள்ளேயிருந்து கருகும் வாசம் வந்தது. கடைக்காரன் புத்தி, பருப்பு வீணாவது பொறுக்கவில்லை. பூட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, தாளிப்பு கருகுது. சட்டிய எறக்கிருங்க."

கருகல் வாசம் இன்னும் ஏறியது.

"ஒளியிற அன்னிக்குத் தாளிக்கக் கூடாதுங்க. வாசம் ரோட்டு வரைக்கும் வரும். நாங்க சோறும் சம்பலும்தான் வச்சுக்குவோம்."

உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு அடக்க முடியாமல் வெடித்தது. சட்டியை இறக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் வீட்டின் பக்கவாட்டிலிருந்து, கையில் கரண்டியோடு, என் வயதுப் பெண் ஒருவர் வந்து நின்றார்.

"யாருங்க நீங்க?"

சொன்னேன். கடை, ஆட்டோ, வீடு, சாக்குப் படுக்கை, திங்கட்கிழமை. விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு அந்த அம்மாவும் கேட்டார். நான் சொல்லச் சொல்ல மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாளிக்காரி மீதித் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே காது கொடுத்தாள். அவர்களுக்கு என் கஷ்டத்தைவிட நான் ஒளிந்த விதத்தில்தான் அக்கறை.

"செருப்ப என்ன செஞ்சீங்க?"

"உள்ள எடுத்து வச்சிருவோம்."

"பாத்தியா! நான் சொன்னேன்ல" என்று ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். "இவ வாசல்ல நாலு சோடி செருப்ப வச்சுக்கிட்டு ஆள் இல்லங்கிறா."

"போன்?"

"தலகாணிக்கு அடியில."

"இருமல் வந்தா?"

"துண்ட வாயில வச்சுக்குவேன். ஒருநாள் மகளுக்குச் சிரிப்பு வந்திருச்சு. அதுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியல."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் அத்தனை நேரம் நான் பேசியதில்லை. அன்று மட்டும் பேச்சு எப்படி வந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன். வெட்கப்பட என்னிடம் மிச்சம் எதுவும் இருக்கவில்லை போலும்.

பிறகு கரண்டிக்காரி கேட்டார். சிரிப்பு நின்றிருந்தது.

"அண்ணே, பின்னால ஒரு காம்பரா சும்மாதான் கெடக்கு. மகன் கொழும்புல. ஆனா ஒங்களத் தேடி இங்கயும் ஆள் வந்தா? எங்களுக்கு வர்ற ஆளே போதும்."

"ரெண்டு பூட்டு வாங்க வேண்டியதுதான்" என்றார் விறகு அம்மா.

கரண்டிக்காரி சிரிக்கவில்லை. எனக்கு அந்த ஒரு பதிலில்தான் வீடு இருந்தது. பொய் சொல்ல நினைத்தாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"எடுக்கிறதெல்லாம் எடுத்துட்டாங்க. இனி வர வேண்டியது யாரும் இல்ல. அப்படி யாராவது வந்தா, நான் கதவத் தொறந்துதான் பேசுவேன். மகளுக்குப் பதிமூணு வயசுங்க. இன்னொருதரம் அவளத் தரையில உக்கார வைக்க என்னால முடியாது. அட்வான்சும் இப்ப கையில இல்ல. சம்பளத்துக்குச் சம்பளம் வாடகை தர்றேன்."

அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மகளை நினைத்தாரா, கொழும்பு மகனை நினைத்தாரா தெரியாது.

"சரி. திங்கக்கிழம கூட்டிட்டு வாங்க" என்றார். "ஆனா ஒண்ணு. அந்தப் பையத் தூக்கிட்டு இந்த லயத்துப் பக்கம் வரக் கூடாது. எனக்கு நெஞ்சு படபடங்குது."

பையை உட்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இறங்குவதற்கு முன் கருகிய பருப்பும் சோறும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். நின்றபடியே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை வெலிமடை வழியாக பஸ்ஸில் மனைவியும் மகளும் வந்தார்கள். காம்பரா சின்னது. ஒரு சுவரில் ஈரம் ஏறியிருந்தது. மகள் ஜன்னலைத் திறந்து கீழே லீக்ஸ் பாத்திகளைப் பார்த்தாள். மனைவி அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பாத்திரங்களை அடுக்கினாள். பிறகு வாசலுக்குப் போய், குனிந்து, எங்கள் மூன்று சோடிச் செருப்புகளையும் எடுத்து உள்ளே கொண்டு வந்தாள். அவளுக்கே தெரியாமல் செய்தாள்.

நான் அவற்றை வாங்கித் திரும்ப வெளியே படியில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இங்க வெளிய வைக்கலாம்" என்றேன்.

பை இப்போது புரட்டியபடியே அடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அடுப்புப் பற்றவைக்கும் சிராய்த் துண்டு போட்டு வைக்கிறோம். குழு லோன்காரர் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறார். சில கிழமை முன்வீட்டில் பூட்டுத் தொங்கும், சில கிழமை தொங்காது. தொங்கும் நாட்களில் தாளிப்பு வாசம் வருவதில்லை. லயத்தின் முதல் வீட்டில் அன்று ரேடியோவை நிறுத்தியது யார் என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், அன்று தாங்கள் வீட்டிலேயே இல்லை என்கிறார்கள்.

கந்தப்பளை, 17.11.2024, ஞாயிற்றுக்கிழமை.