காட்டுக்குப் போன மீசை

வாலு ஜெயித்ததை எல்லாம் முதலில் சொல்லாவிட்டால் அவள் அக்காவுக்கு மனசு ஆறாது. பதினெட்டடி ஏணியை ஜெயித்தாள். முதல் மூன்று நாள் நாலாவது படியிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றவள். "உன் உயரத்துக்குத் திரை எதுக்கு, கைக்குட்டையில வரை" என்ற நாடக அரங்கு லைட்காரரின் வாயை ஜெயித்தாள். ஓவியப் பள்ளி இரண்டு முறை "இடமில்லை" என்றது. அந்தக் கடிதங்களின் மேல்தான் வர்ணம் கலந்தாள்.

அந்த அரங்கில் நாலு வருஷம் அடுத்தவர் வரைந்த திரைகளுக்கு ஒட்டுப்போட்ட பிறகு, சொந்தமாக ஒரு திரை கிடைத்தது. விளக்குச் சோதனையில் தேறினால் மூலையில் பெயர் எழுதலாம், வேலையும் நிரந்தரம். தேறாவிட்டால் முதலாளி அச்சடித்த திரையை வாங்கிவிடுவார்.

ஒரே வெள்ளைத் துணியில், ராஜா வீற்றிருக்கும் அரண்மனையைப் பச்சையிலும் காட்டைச் சிவப்பிலும் வரைந்தாள். சிவப்பு விளக்குப் போட்டால் காடு மறைந்து, பச்சைக் கோடுகள் கறுத்து அரண்மனை நிற்கும். பச்சை விளக்கில் அரண்மனை போய்க் காடு வரும். ஒத்திகைக்காக வீட்டுச் சமையலறை பல்பில் பச்சைத் தாள் ஒட்டியிருந்தாள். தக்காளியெல்லாம் கறுத்துப்போச்சு என்று அக்கா கூடையோடு காய்கறிக்காரரிடம் சண்டைக்குப் போனாள். வெயிலில் பார்த்தால் அத்தனையும் செக்கச்செவேல்!

அதற்குப் பிறகும் அக்காவுக்குப் புத்தி வரவில்லை. அவள் தையல்காரி, ஒரு நூல் பிசிறு கண்டாலும் கை சும்மா இருக்காது. சோதனை அன்று மதியம் திரையின் விளிம்புத் தையலைச் சரிபார்க்கப் போனாள். வாலு தூரிகை கழுவப் போயிருந்தாள். ராஜாவின் மீசையில் இடப்பக்கம் ஒரு விரல் குட்டை. அக்கா டேப் வைத்து அளந்தே பார்த்துவிட்டாள். பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்து இரண்டு பக்கமும் தடிமனாகச் சமன் செய்தாள். டப்பாவில் இருந்தது சிவப்பு.

வாலு திரும்பி வந்ததுமே சோதனை தொடங்கிச் சிவப்பு விளக்கு எரிந்தது. அரண்மனை ஜம்மென்று நின்றது. ராஜாவுக்கு மட்டும் மீசையைக் காணோம்.

பச்சை விளக்கு எரிந்தது. காடு வந்தது. நடுக்காட்டில் அந்தரத்தில் ஒரு மீசை.

"ஏம்மா, ராஜா காட்டுக்குப் போனாரா, மீசை மட்டும் போச்சா?" என்றார் முதலாளி.

லைட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாலு திரும்பிப் பார்த்தாள். அக்காவின் விரல் நுனியில் சிவப்பு.

"அக்கா! நீயா?"

"குட்டையா இருந்துச்சுடி... அளந்துதான் போட்டேன்."

"அளந்து வேறயா!" வாலு முதலாளியிடம் திரும்பினாள். "பத்து நிமிஷம் குடுங்க சார்."

ஏணியில் தாவி ஏறினாள். ஈரச் சிவப்பின் மேல் பச்சையைத் தேய்த்துக் குழப்பினாள். அது சேறாகி எந்த விளக்கிலும் கறுத்துத் தெரியும். மீசைக்குக் கீழே சிவப்பில் இரண்டு கண், ஒரு மூக்கு, தடித்த கழுத்து வரைந்தாள்.

சிவப்பு விளக்கில் ராஜா மீசையோடு வீற்றிருந்தார். பச்சை விளக்கில் அதே மீசை கொம்பாகி, ஒரு காட்டெருமை முதலாளியை முறைத்தது. அவர் நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இது முன்னாடி இல்லையே?"

"இப்பத்தான் மேய வந்துச்சு சார்."

"சரி சரி, பேரை எழுது."

எந்த வர்ணத்தில் எழுதுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. எந்த விளக்கிலும் மறையாத கறுப்பில், வலது மூலையில் முழுப் பெயரையும் எழுதினாள். அக்கா இந்த முறை எதையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அன்று செப்டம்பர் 19, வியாழக்கிழமை.