வந்தவர்களுக்கு வைத்த தண்ணீர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதனால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் சீமெந்துக் கல் அரிந்து விற்பது என் தொழில். இரண்டு வருடங்களுக்கு முன், சங்கிலியைக் கழற்றும்போது தன் கழுத்தில் ஏதோ கட்டியாகக் கையில் படுகிறது என்று மனைவி சொன்னாள். தைரொயிட்டுச் சுரப்பியில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். மெதுவாக வளர்கிற வகைதான், வெட்டி எடுத்தால் பெரும்பாலும் சுகம் வரும் என்றும் சொன்னார்கள்.

வெட்டுவதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரி வாட்டுக்கு ஒரு பெண்பிள்ளை வந்தது. ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. வெட்டி எடுக்கும் இழையத்தில் ஒரு சிறு துண்டைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் கேட்டது. அதில் செலனியம், நாகம் என்கிற துத்தநாகம், செம்பு, அயடீன் போன்றவை எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பார்களாம். நோயின் தன்மையைக் காட்டிக்கொடுக்கும் சில புரதங்களையும் அதிலேயே தேடுவார்களாம். அவை உடம்புக்குள் போகும் வழியை அறிய, வீட்டில் குடிக்கும் தண்ணீரும் சமைக்கும் உப்பும் கொஞ்சம் வேண்டுமாம்.

"வெட்டினதை எரிக்கத்தானே போறியள்? எடுங்கோ பிள்ளை. அதெண்டாலும் ஆருக்கும் உதவட்டும்" என்று சொல்லி அவள் கையெழுத்து வைத்தாள்.

அவள் இன்னும் வாட்டில் இருந்தபோதே அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. நான் மட்டும்தான் நின்றேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். கேத்தலின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. ஆனால் வருகிறவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. தேவாலய வளவுக் கிணற்றில் அள்ளிவந்த நல்ல தண்ணீர் தனிக் குடத்தில் இருக்கும். எங்கள் பக்கத்தில் சவர்க் கிணறு உள்ள வீடுகளில் எல்லாம் இரண்டு குடம் உண்டு.

பிள்ளைக்கு அந்த நல்ல தண்ணீரைத்தான் குடிக்கக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீங்கள் குடிக்கிற தண்ணியிலை இதை நிரப்பித் தாங்கோ ஐயா" என்று ஒரு போத்தலை நீட்டியது. என் கை தானாக அதே குடத்துக்குப் போனது. படித்த பிள்ளை எங்கள் சவர்த் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் போகிறதே என்ற வெட்கம். உப்பை மட்டும் எங்கள் உப்புப் போத்தலிலிருந்தே கொடுத்தேன்.

மனைவி வீட்டுக்கு வந்து சில கிழமைகள் கழிந்து, சுகம் கேட்டு அந்தப் பிள்ளை போன் எடுத்தது. கதையோடு கதையாக, "உங்கடை கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியெல்லோ அக்கா" என்றது. மனைவி என்னைப் பார்த்தாள். போனை வைத்த பிறகு, வெட்டியதிலிருந்து கரகரத்துப்போன குரலில் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கடை கிணத்துக்கு எப்பவப்பா ஞானஸ்நானம் குடுத்தனீங்கள்?"

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"என்ரை கழுத்திலை இருந்து எடுத்ததை வைச்சுத்தான் அந்தப் பிள்ளை பாக்குது. நான் குடிக்காத தண்ணியை அதுக்குப் பக்கத்திலை வைச்சால் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? நான் குடுத்தது வீணாய்ப் போயிடும்."

"நீ போனிலை ஒருக்கால் சொல்லன்."

"பிழை விட்டது நீங்கள். போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

அடுத்த நாள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை வேலை செய்கிற எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். ஆராய்ச்சிக் கட்டிடத்தைத் தாண்டி இரண்டு முறை நடந்தேன். மூன்றாம் முறை காவலாளி கூப்பிட்டு, "ஆரைத் தேடுறியள் அண்ணை?" என்று கேட்டதால்தான் உள்ளே போனேன்.

மனைவியுடையதைப் பற்றிக் கேட்க வந்தேன் என்று நினைத்தோ என்னவோ, அந்தப் பிள்ளை என்னை இருக்கச் சொல்லிவிட்டு ஒரு சிறு மெழுகுக் கட்டியைக் காட்டியது. நடுவில் நகத்தளவில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. "வெட்டி எடுத்ததை இப்பிடித்தான் வைச்சிருப்பம். ஆரின்ரை எண்டு பேர் இராது, நம்பர் மட்டுந்தான்" என்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வார்த்தை வந்துவிட்டது. போத்தலை மேசையில் வைத்து முழுவதையும் சொன்னேன்.

பிள்ளை கோபிக்கவில்லை. பேனையை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டது.

"நான் தண்ணி எடுத்த மற்ற வீடுகளிலையும் இப்பிடி ரெண்டு குடம் இருக்குமோ ஐயா?"

"சவர்க் கிணறு இருக்கிற வீடெல்லாம் இருக்கும். உங்களுக்கு ஆரும் சவர்த் தண்ணி தரமாட்டினம் பிள்ளை. அது மரியாதை இல்லை."

பிள்ளை பேனையை மூடி வைத்தது. "அப்ப எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகவேணும். நான் தனியப் போய்க் கேட்டால் பேந்தும் நல்ல தண்ணிதான் வரும். நீங்கள் என்னோடை வருவியளே?"

மனைவியை நினைத்துக்கொண்டு ஓம் என்றேன்.

சனிக்கிழமைகளில் போனோம். முதல் வீட்டில் என்னைவிட வயதான ஒரு அம்மா இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"போத்தலுக்கு உந்தத் தண்ணி வேண்டாம் அக்கா. நீங்கள் குடிக்கிறதைத் தாங்கோ."

"ஐயோ, அது வாயிலை வைக்கேலாது தம்பி."

"எங்கடையும் அப்பிடித்தான். எங்கடை கேத்தலை வந்து பாருங்கோவன்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு வந்த வீடுகளில் எனக்கு அவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. நீண்ட காலம் எடுக்கும், ஒன்றும் தெரியாமலும் போகலாம் என்று பிள்ளை முதலே சொல்லிவிட்டது. மனைவி காலையில் வெறும் வயிற்றில் தைரொயிட்டுக் குளிசை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாள். கடைசி வீடும் முடிந்து வந்த அன்று அவள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"இப்ப நான் குடுத்தது செல்லுமாமோ?"

"ஓம், செல்லுமாம்."

"அப்ப சரி" என்று சொல்லி, நான் கட்டுகிற சாரத்தின் ஈர முனை ஒன்றை என்னிடம் பிழியத் தந்தாள்.

பல நாள் தள்ளிப்போட்டு, இதை எழுதி முடித்தது மார்ச் மாதம் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை.