பாட்டு நிற்காத திடல்

என் வயதுப் பெண்களின் சாப்பாட்டு மேசையில் மாத்திரைப் பெட்டி இருக்கும், ஊறுகாய் பாட்டில் இருக்கும். என் மேசையில் கூடுதலாக, பாட்டோடு பாட்டைக் கோத்து விடும் ஒரு டிஜே கன்ட்ரோலரும் இருக்கிறது. இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவில் வரிசையாகத் திருகுகள், ஓரமெல்லாம் மினுக்கும் விளக்குகள். முதல்முறை அதைப் பார்த்த என் கணவர், "இது என்னா, புது கேஸ் அடுப்பா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அடுப்பு என்றுதான் பெயர்.

எல்லாம் உடற்பயிற்சியால் வந்த வினை. ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் கட்டிய தாமான், அதாவது குடியிருப்பு, எங்களுடையது. தோட்டக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களம்தான் இப்போது எங்கள் விளையாட்டுத் திடல். காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு கூட்டம் சேர்ந்து கை காலை ஆட்டும். தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரும் உண்டு. சர்க்கரையும் முட்டிவலியும் இனம் பார்த்து வருவதில்லை. ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் முன்னால் நின்று எட்டு எட்டாக எண்ணுவார். அவரை எல்லாரும் சிக்கு என்போம், மலாயில் டீச்சர். ஸ்பீக்கர் என்னுடையது என்பதால் பாட்டுப் போடுவது என் வேலை.

எனக்கு ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் வரும் இடைவெளியைக் கண்டாலே ஆகாது. அந்தச் சின்ன நேரத்தில் பாதிப் பேர் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போவார்கள். போனவர்கள் அங்கேயே நின்று மருமகள் புராணம் பேசுவார்கள். சண்டை வருவதும் அப்போதுதான். தமிழ்ப் பாட்டு முடிந்தால், "எப்பவும் உங்க பாட்டுத்தானா?" என்று சீன அக்காமார் கேட்பார்கள். சீனப் பாட்டுப் போட்டால் எங்கள் ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மலாய்ப் பாட்டுப் போட்டால் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக முறைக்கும். ஒருநாள் சீன அக்காமாரில் ஒரு பகுதியினர் சொந்தமாக ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கூடைப்பந்து மைதானத்துப் பக்கம் போய்விட்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியே நான்தான், எனக்குத் திண்டாட்டம்.

போனவர்கள் போகட்டும் என்று விட்டிருப்பேன். பக்கத்து வீட்டுச் சீன அக்காவை நினைத்துத்தான் மனசு கேட்கவில்லை. அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அக்கா எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். கணவர் இறந்த பிறகு வாசல் கேட்டைக்கூடத் திறக்காமல் கிடந்தவரை நான்தான் நச்சரித்துத் திடலுக்கு இழுத்து வந்தேன். வந்த பிறகு மனுஷி சிரிக்க ஆரம்பித்தார். கூட்டம் பிரிந்த மறுநாள் கூப்பிடப் போனேன்.

"அந்தப் பக்கம் நின்னா ஒங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்க. இந்தப் பக்கம் நின்னா எங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்க. எனக்கு ஏன் வம்பு? நா வீட்டுலயே இருக்கேன்லா" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அக்கா மறுபடியும் அந்தப் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் போய்விடுவார் என்று பயமும் வந்தது. அந்த வாரம் கோலாலம்பூரிலிருந்து வந்த மகள் காரில் ஏதோ போட்டுக்கொண்டு வந்தாள். டும் டும் என்று ஒரே சீரான அடி. வார்த்தையே இல்லை. ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவே இல்லை. "இது எந்த மொழிடி?" என்றேன். "எலெக்ட்ரானிக் மியூசிக்மா. மொழியெல்லாம் இல்ல" என்றாள். மொழியும் இல்லை, இடைவெளியும் இல்லை. எனக்கு வேறென்ன வேண்டும்?

போனில் ஒரு ஆப் போதும் என்றாள் மகள். போதவில்லை. ஒரு பாட்டு ஸ்பீக்கரில் ஓடும்போதே அடுத்த பாட்டை நான் மட்டும் ஹெட்போனில் கேட்டுத் தயார் செய்ய வேண்டும், போனில் அது சரிவரவில்லை. புதிதாக விற்கும் குட்டிக் கன்ட்ரோலர்களில் சக்கரம் ஊறுகாய் மூடி அளவுதான். கரண்டில் ஓடும் பெரிய சாமான் திடலுக்கு ஆகாது, அங்கே பிளக் பாயிண்ட் ஏது? கடைசியில், லேப்டாப் வயரிலேயே உயிர் பிடித்து ஓடும் பழைய கன்ட்ரோலர் ஒன்று தெலுக் இந்தானில் கிடைத்தது. விற்றவர் கல்யாண விருந்துகளுக்கு டிஜே வேலை செய்யும் இளைஞர்.

"மவனுக்கா, அக்கா?" என்றார்.

"எனக்குத்தான் தம்பி."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு மரியாதையாக ஒரு பட்டனைக் காட்டினார். "இந்த சிங்க் பட்டன அமுக்குங்க. ரெண்டு பாட்டோட வேகமும் தானா ஒன்னாயிரும். ஒன்னு சொல்றேன்கா, புளூடூத் மட்டும் வேணாம். சத்தம் லேட்டா வரும், ஒங்க கை ஒரு பக்கம் போவும், பாட்டு ஒரு பக்கம் போவும். வயர் போடுங்க."

வீட்டில் சோறு வேகும் நேரமெல்லாம் பழகினேன். முதல் இரண்டு வாரம் என் மிக்ஸிங்கைக் கேட்டால் ஈப்போ மார்க்கெட்டில் இரண்டு மீன்கடைக்காரர்கள் சண்டை போடுவதுபோல் இருக்கும். இயந்திரம் பழசு, திருகு லூசு என்று திட்டினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு பாட்டின் அடிச்சத்தமும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது. புதுப் பாட்டின் பேஸ் திருகைக் குறைத்து வைத்து உள்ளே விட வேண்டும். சரியான இடத்தில் பழையதன் பேஸை இறக்கி, அதே வேகத்தில் புதியதன் பேஸை ஏற்ற வேண்டும். ஒரு சமையலறையில் ஒரு மாமியார்தான் இருக்க முடியும். அதைச் சரியாகச் செய்த அன்று, பாட்டு மாறியதே கணவருக்குத் தெரியவில்லை. "இன்னுமா ஒரே பாட்டு ஓடுது?" என்றார். அப்படியே அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திடலில் முதல் நாள் மானம் கப்பலேறியது. மடக்கு மேசையில் அடுப்பை வைத்து, வயர் போட்டு, கம்பீரமாகத்தான் நின்றேன். சிக்கு "சத்து, டுவா, தீகா" என்று எண்ண, எட்டு முறை வலது கால், எட்டு முறை இடது கால். நான் சிங்க்கை நம்பி அடுத்த பாட்டை உள்ளே விட்டேன். வேகம் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிக்குவின் எண்ணிக்கையில் ஐந்து வரும்போது புதுப் பாட்டு ஒன்றில் இருந்தது. பாதிப் பேர் சிக்குவைக் கேட்டு வலது காலைத் தூக்கினார்கள், மீதிப் பேர் பாட்டைக் கேட்டு இடது காலைத் தூக்கினார்கள். முன்வரிசை அக்கா ஒருவரின் உதை பக்கத்தில் நின்றவரின் கணுக்காலில் நச்சென்று விழுந்தது. "ஐயோ!" "ஆலாமாக்!" "ஐயா!" என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் அலறல். அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கூடைப்பந்துக் கோஷ்டிகூடத் தங்கள் பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

அந்த உதைதான் எனக்குப் பாடம். சிங்க் வேகத்தைத்தான் சேர்த்து வைக்கும். எது ஒன்று, எது ஐந்து என்று அதற்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். அதன்பின் நானும் சிக்குவோடு சேர்ந்து மனசுக்குள் எண்ணினேன். நாலு எட்டு முடிந்து அடுத்த எட்டின் ஒன்றில் பட்டனை அமுக்கினேன். வலது கால் இடதுக்கு மாறும்போது பாட்டும் மாறியது. அரை மணி நேரம் ஒரு பொட்டு இடைவெளி இல்லை. தண்ணீர் பாட்டில்கள் புல்லில் கேட்பாரற்றுக் கிடந்தன. யார் பாட்டு என்று கேட்கவும் யாருக்கும் நேரமில்லை. வார முடிவில் கூடைப்பந்துக் கோஷ்டி ஒருவர் பின் ஒருவராக வந்து பின்வரிசையில் நின்றுகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சீன அக்கா மட்டும் வரவில்லை. யாருக்காக இத்தனை பாடும் பட்டேனோ அவரே வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பயிற்சி முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டு கேட் திடலைப் பார்த்தபடி இருக்கும். கேட் திறந்திருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா, இப்ப எல்லாரும் ஒன்னாத்தானே ஆடுறோம்? இன்னும் என்னா கோவம்?" என்று பொரிந்து தள்ளினேன்.

"கோவம் யாருக்கு? மூனு நாளா சப்பாத்து போட்டுக்கிட்டு கேட்டுலதான் நிக்கிறேன். பாட்டு முடிஞ்சா சத்தமில்லாம வந்து பின்னால நின்னுக்கலாம்னு பாத்தேன். நீ எங்க முடிக்கிற? எல்லாரும் ஆடிக்கிட்டிருக்கும்போது நடுவுல நடந்து வர மாலுவா இருக்குலா" என்றார். மாலு என்றால் வெட்கம்.

தண்ணீர் குடிக்கப் போனவர்களையும் சண்டை போட்டவர்களையும்தான் அந்த இடைவெளியில் நான் பார்த்திருந்தேன். உள்ளே வரக் காத்திருப்பவர் ஒருவர் இருப்பார் என்று தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்து, காபிகூடக் குடிக்காமல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன்.

இந்த வகைப் பாட்டுகளில் நடுவில் அடி நின்றுபோகும் ஓர் இடம் உண்டு. தாளம் விலகி, மெல்லிய ஒலி மட்டும் காற்றுப்போல ஓடும். பயிற்சி நின்றுவிடுமே என்று அந்த இடம் வருவதற்குள் நான் அவசரமாக அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். மறுநாள் தாவவில்லை. கையைத் திருகிலிருந்து எடுத்துவிட்டு, அடி நின்று போக விட்டேன். சிக்கு திகைத்து என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் உயர்த்தி மூச்சை இழுத்தார். எல்லாரும் கையைத் தூக்கிக் கண்ணை மூடி மூச்சு இழுத்தார்கள்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா குனிந்த தலையோடு, வேகவேகமாகப் புல்லைத் தாண்டி வந்தார். பாட்டு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் எட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் பாதி வழியில்தான் இருந்தார், அடி விழ இரண்டே எட்டு பாக்கி. அந்த மெல்லிய பகுதியை மறுபடியும் மறுபடியும் சுற்ற வைக்கும் லூப் பட்டனை அமுக்கிப் பிடித்தேன், விரலை எடுக்கும் வரை அடி விழாது. சிக்கு இன்னொரு மூச்சு இழுத்தார். அக்கா பின்வரிசைக்கு வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையைத் தூக்கினார்.

நான் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.