பென்சில் கோடு போட்டது யார்?

போன ஞாயிறு, மழை விட்ட சாயங்காலம். எங்கள் தீவின் டாலிகஞ்சில் பக்கத்து வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போனேன்.

பெண் குழந்தை. எடை மட்டும் கொஞ்சம் குறைவு. கவலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வீட்டில் டாக்டருக்கும் மேலே ஒருவர் உண்டு - குழந்தையின் அப்பாவைப் பெற்ற கோமதியம்மா. நான்கு தலைமுறையாகத் தீவுக்காரர்; பேச்சில் இந்தி கலக்கும்.

"எங்க பக்கம் பிலகுல், எல்லாமே குண்டுக் குழந்தைங்கதான், அண்ணா. இது மெயின்லேண்ட் ரத்தம்."

மெயின்லேண்ட் ரத்தம் என்பது மருமகள் தேவி. ராமநாதபுரத்துப் பெண். கப்பல் டிக்கெட் கவுண்ட்டரில் வேலை. லீவு முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பலாமா, கூடாதா? அன்று அந்த வீட்டில் நடந்த வழக்கு அதுதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம்... படித்தது விடுமா?

"ரத்தம் மட்டும் இல்லேம்மா. ஜீன்ங்கிறது அச்சடிச்ச புத்தகம். எந்த வரியைச் சத்தமா வாசிக்கணும், எதை விட்டுடணும்னு அதுல பென்சில் கோடு விழும். கோடு எங்கே விழும்ங்கிறதுல ஜீனுக்கும் பங்கு உண்டு, வயித்துல இருந்த நாளுக்கும் பங்கு உண்டு. பிறக்கும்போதே சில கோடு இருக்கும்."

"தேக்கோ, பாருங்க! கவுண்ட்டர்ல கூட்டத்தோட கத்திக் கத்தி இவதான் கோடு போட்டிருக்கா. நௌக்ரி, வேலையே வேண்டாம்னு அண்ணாவே சொல்லிட்டாங்க."

நான் சொல்லவில்லை. இந்தக் குழந்தையின் எடைக்கு இன்னதுதான் காரணம் என்று எந்த விஞ்ஞானியும் சொல்ல மாட்டார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தேவி தலை நிமிர்ந்தாள்.

"அத்தை, ஏழாம் மாசம் அம்மா வீட்டுக்குப் போறேன்னேன். கர்ப்பிணி கடல் தாண்டக் கூடாதுன்னது யாரு?"

"நான்தான்."

"அன்னாசி கூடாது, நண்டு கூடாது, மத்தியானம் படுக்கக் கூடாது..."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"அங்கிள், உங்களுக்குத்தான் நாள் கிழமை மறக்காதே. கல்யாணமாகி வந்தப்புறம் நான் தீவை விட்டுப் போனேனா?"

போகவில்லை. மாசி மாதம் கப்பலில் இருந்து இறங்கியவள், தீவின் ஓரத்து வண்டூரைத் தாண்டியதில்லை. சொன்னேன். சாட்சி சொல்லும்போது கோமதியம்மாவைப் பார்க்கவில்லை.

"உள்ளே என் ஜீனும் உங்க பிள்ளை ஜீனும், அத்தை. வெளியே முழுக்க உங்க ஆட்சி."

கோமதியம்மா எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அதன் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். கோடு தேடினாரோ என்னவோ.

"டியூட்டி எப்போ?"

"அடுத்த மாசம், அத்தை."

"போயிட்டு வா. பாப்பாவை நான் பாத்துக்கிறேன். சாயங்காலம் நண்டு வாங்கிட்டு வா."

குழந்தை யார் ஜாடை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வயிற்றில் இருந்தபோது யார் ஆட்சி என்று கேட்டுப் பாருங்கள்... பதிலுக்குப் பதிலாக டீ வரும்.