பிள்ளையாருக்கு முன்னால் ஒரு போத்தில்

செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தது. "மாஸ்டர், எங்கட பரா மோசம் போயிட்டார்." இறந்தது, லண்டன் ஸ்ட்ரெதமில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தபடி, நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னவர்களுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்த பரராசசிங்கம்தான். இந்தப் பள்ளி மலரை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள். நான் அவருக்குச் செய்ததில் பாதியைத்தான் அறிவீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், லண்டனுக்கு வருமுன், அவர் பிரான்சில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பெருக்கல் வாய்பாடும் அங்கிருந்துதான் வரும். "பிள்ளையள், நாப்பது வரிசை, வரிசைக்கு அறுவது கொடி. நான் எத்தினை கொடி நட்டனான்?" பிறகு சிரிப்பார். "என்னைவிட அந்தக் கொடியள் கெதியா வேர் விட்டிட்டுதுகள்."

ஐந்து வருடத்துக்கு முன், தொண்ணூற்றுமூன்றில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் புது வீட்டுக்குக் குடிபூரல். ஐயர் பூசையைத் தொடங்கும் நேரம் பரா வந்து, பத்திரிகைத்தாளில் சுற்றிய எதையோ கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தாளைப் பிரித்தேன். சிவப்பு வைன்.

"பிள்ளையாருக்கு முன்னால குடிபோத்திலோ? உமக்கென்ன விசரோ?"

"ஐயருக்குத் தீர்த்தமாக்கும்!" என்றார் ஒருவர். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"இல்லை மாஸ்டர், இது வந்து..."

"குசினியில கொண்டுபோய் வையும்."

வைத்துவிட்டு, சாப்பிடாமலே போனார். அன்று மாடியறையில், ஆண்களுக்கென்று நானே இரண்டு விஸ்கிப் போத்தில்கள் ஒளித்து வைத்திருந்தேன். விருந்தினர் போனபின் வைனைத் தொட்டிக்குள் ஊற்றினேன். போத்தில் நல்ல கனமாக இருக்கிறதென்று மனைவி கழுவி எடுத்துவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் பரா வகுப்புக்கு வந்தார். வழக்கம்போல் கொடிக் கணக்கையே சொல்லிக்கொடுத்தார்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி என்னருகில் வந்து இருந்தார். "மாஸ்டர், பிரான்சில இவர் நட்ட இளங்கொடியின்ர பழத்தைத் தோட்டக்காரர் கனகாலம் மலிவு வைனுக்குத்தான் சேர்த்தவை. பத்து வருசத்துக்குப் பிறகு முதல்முதலா நல்ல வைனுக்குச் சேர்த்திட்டு, தோட்டக்கார அம்மா ஒரு போத்தில் அனுப்பினவ. முதல் காய் சாமிக்கெல்லோ எண்டு உங்கட பூசைக்குக் கொண்டு வந்தவர். தான் ஒருநாளும் வாயில வைச்சதில்லை. ருசி எப்பிடியெண்டு உங்களிட்டக் கேக்கவும் அவருக்குக் கூச்சம். எப்பிடி இருந்தது?"

முதல் மாங்காயைக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கத்தை வகுப்பில் எத்தனையோ தரம் உதாரணமாகச் சொன்னவன் நான். "நல்லா இருந்தது தங்கச்சி," என்றேன்.

தங்கச்சி, அது பொய். ஒரு சொட்டும் நான் குடிக்கவில்லை. நேரில் சொல்லத் துணிவில்லாமல், எல்லோரும் வாசிக்க இங்கே எழுதுகிறேன்.

அவருடையது என்று என்னிடம் எஞ்சியிருப்பது அந்தப் போத்தில் மட்டும்தான். மனைவி அதில் விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றிவைத்திருக்கிறாள். போத்திலில் ஒட்டியிருக்கும், எண்ணெய் ஊறிய தாளில் தோட்டத்தின் படம் இன்னும் தெரிகிறது. ஐந்து வருடமாக அது எங்கள் சாமியறையில், பிள்ளையாருக்கு முன்னால்தான் நிற்கிறது.