கேப்டன் அவுட் ஆகும்வரை

எங்கள் கேப்டன் நாட்டுக்காகக் கடைசி முறை மட்டையோடு இறங்கிய மாலையில்தான் அந்த வலி வந்தது. நெஞ்சின் நடுவே யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் அழுத்தம். இடது கை மரத்தது. பனியன் நனைந்தது.

உங்களுக்கு இப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் போகவில்லை. செம்பட்டியில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: டிவியில் கேப்டன் ஆடும்போது யாரும் இடம் மாறக் கூடாது. மாறினால் விக்கெட் விழும். அவர் ஜெயித்த கோப்பைகளில் பாதி என் பிளாஸ்டிக் நாற்காலியின் உழைப்பு.

"என்னங்க, இம்புட்டு வேர்க்குது? எந்திரிங்க," என்றாள் மனைவி செல்வி.

"ஏலே, அசையாத. இப்பத்தான் அடிக்க ஆரம்பிச்சிருக்காரு," என்றான் நண்பன் முருகேசன்.

நான் அசையவில்லை. அரை மணி கழித்துக் கேப்டன் அவுட். எழுந்தேன், தரை மேலே வந்தது.

திண்டுக்கல்லில் டாக்டர் கேட்டார்: "வலி எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"கேப்டன் இறங்கினப்ப, சார்."

"ஏன் உடனே வரலை?"

"அவரு அவுட்டாகலை, சார்."

பேனாவை மூடினார். "அந்த பவுலருக்கு ஒரு மாலை போடுங்க. கேப்டன் இன்னும் ரெண்டு ஓவர் நின்னிருந்தா உங்களுக்குப் போட்டிருப்பாங்க."

ஸ்டென்ட் (ரத்தக்குழாய் மூடாமல் தாங்கும் சிறு கம்பி வலை) வைத்தார்கள். இதயத் தசையில் ஒரு பகுதி இனி வேலை செய்யாதாம். கேப்டனோடு அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது.

ஓய்வுக்குப் பின் சமையல் கற்றுக்கொள்வதாகக் கேப்டன் சிரித்தபடி பேட்டி கொடுத்தார். நானோ குளியலறையைத் தாழிடப் பயந்து, பாடிக்கொண்டே குளித்தேன். பாட்டு நின்றால் செல்வி உள்ளே வர வேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாள் வரி மறந்துபோய் நிறுத்தினேன், அலறிக்கொண்டு வந்துவிட்டாள்.

போன வாரம் அந்த ஆட்டத்தை மறுபடி போட்டார்கள். அதே நாற்காலி. நெஞ்சில் சுருக்கென்றது. எந்தப் பந்தில் அவுட் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தொடை எழ மறுத்தது.

"எந்திரிக்கவா?" என்றேன். செல்வி வண்டிச் சாவியோடு நின்றாள். எழுந்தேன்.

"ஏலே, நீ எந்திரிச்சும் அவரு நிக்கிறாருடா!" என்று முருகேசன் கத்தினான்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி.யில் (இதய மின்துடிப்புப் பதிவு) புதிதாக ஒன்றும் இல்லை. வெறும் வாயு.

இப்போது நாள், வாரம் என்றெல்லாம் எனக்குப் பெரிய கணக்கு இல்லை. சில மதியங்களில் நாற்காலியில் உட்கார்ந்து மார்பில் கை வைக்கிறேன். ஒரு துடிப்பு. அடுத்தது வரும்வரை இடம் மாறுவதில்லை.